கல்விப் பக்கத்தில் ஒரு கணக்குக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் வழிகாட்டிக் கட்டுரைகளைத் தவறாமல் படிப்பவன் நான். கணிதத்திலோ இயற்பியலிலோ ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவருக்கு அவற்றில் சொல்லப்படும் வழி ஆண்டுதோறும் ஒரே மாதிரியாக இருக்கிறது: இளநிலைப் பட்டம், பிறகு முதுநிலைப் பட்டம், பிறகு ஒரு நுழைவுத் தேர்வு, பிறகு முனைவர் பட்டம். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவர் இன்று மாலை வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றை எழுதவும், முடிவில் தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் விரும்புகிறேன்.

நான் செய்த தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், முதலாமாண்டு ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஊசலின் அலைவுநேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதைப் பொறுத்ததல்ல என்றே எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு மாணவர் செய்முறைக் குறிப்பைச் சரியாகப் படிக்காமல், குண்டை 60 பாகைக்கு இழுத்து விட்டு நேரம் எடுத்திருந்தார். ஒரு மீட்டர் நூலுக்கு ஐந்து அலைவுகள் ஏறத்தாழ 10 வினாடியில் முடிய வேண்டும். அவருக்கோ முக்கால் வினாடி கூடுதலாக வந்தது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தும் அதே கதைதான். "கோணம் சிறியதாக இருக்க வேண்டும். இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ரீடிங் எடுத்து ரெக்கார்டு நோட்டில் எழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோணத்தைப் பற்றி நான் சொன்னது சரி. தாளைக் கிழிக்கச் சொன்னதுதான் தவறு.

அவர் கிழிக்கவில்லை. அடுத்த வாரம் அந்தத் தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்து, "சிறிய கோணம் என்றால் எவ்வளவு சிறியது சார்? 60 பாகைக்கு எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட முடியாதா?" என்று கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. பாடநூலில் ஓரிடத்தில், கோணத்தின் சைன் மதிப்புக்குப் பதிலாகக் கோணத்தையே போட்டுக்கொள்ளலாம் என்று ஒற்றை வரி வரும். நான் பல வகுப்புகளுக்கு அந்த வரியை நிற்காமல் நடத்தியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டால், நமக்குத் தெரிந்த சார்புகளைக் கொண்டு முடித்துவிட முடியாத ஒரு தொகையீடு எஞ்சுகிறது. அதற்கு நீள்வட்டத் தொகையீடு என்று பெயர், நூலகத்தில் தேடிப் பார் என்று மட்டும் சொன்னேன். அவர் மூன்று மாலைகள் உட்கார்ந்து, இடைவெளியைச் சிறு துண்டுகளாக வெட்டி, கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகக் கூட்டி, அலைவுநேரம் 1.073 மடங்காகும் என்ற விடையோடு வந்தார். அதாவது 7.3 விழுக்காடு கூடுதல். 10 வினாடிக்கு அது முக்கால் வினாடியை ஒட்டி வருகிறது. அவர் கிழிக்காமல் வைத்திருந்த ரீடிங் சரியானது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்காதது. அதே விடையை இரண்டே வரியில் பெற முடியும் என்பதை நாங்கள் இருவருமாக ஒரு பழைய நூலில் கண்டுபிடித்தோம். 1 என்ற எண்ணையும், 60 பாகையில் பாதியான 30 பாகையின் கொசைன் மதிப்பான 0.8660 என்ற எண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் கூட்டுச் சராசரி 0.9330, பெருக்குச் சராசரி (இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்) 0.9306. இந்த இரண்டு விடைகளுக்கும் மறுபடி இரண்டு சராசரிகளையும் கண்டால், ஐந்து தசம இடங்கள் வரை இரண்டும் 0.93181 என்று ஒன்றாகிவிடுகின்றன. 1ஐ அதனால் வகுத்தால் 1.0732. ஜெர்மன் கணித மேதை காஸ் 22 வயதில், 1799 மே மாதத்தில், 1க்கும் 2இன் வர்க்கமூலத்துக்கும் இதே முறையில் சராசரி கண்டு, அது வேறொரு வளைகோட்டின் நீளத்தைக் கொண்டு பெற்ற மதிப்போடு 11 தசம இடங்கள் வரை பொருந்துவதைப் பார்த்துத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இது பகுப்பாய்வு என்ற கணிதப் பிரிவில் ஒரு புதிய துறையையே திறக்கும் என்றும் குறித்தார். ஆய்வகத்தில் தவறாக இழுத்துவிட்ட ஒரு குண்டு, தூய கணிதத்தின் அந்த வாசலில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த மாணவர் பின்னாளில் பெரிய ஆய்வாளர் ஆனாரா என்று கேட்பீர்கள். இல்லை, வங்கிப் பணிக்குப் போனார். ஆனால் அந்த மூன்று மாலைகளில் அவர் செய்த வேலைக்கும், பிறகு நான் பார்த்த முனைவர் பட்ட மாணவர்கள் செய்த வேலைக்கும் வகையில் வேறுபாடு இல்லை. விடை ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்திருந்தது என்பது ஒன்றுதான் வேறுபாடு. பொருந்தாத ரீடிங்கை வீசிவிடாமல் வைத்திருப்பது ஆய்வின் முதல் பழக்கம். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல் 1967இல் கண்டதும் அப்படிப்பட்ட ஒன்றையே. வானத்தை ஒரு முறை முழுதாகப் பதிவு செய்ய 400 அடி நீளத் தாள் ஓடும். அதில் மிகச் சிறிய இடத்தில், எதனோடும் சேராத ஒரு கிறுக்கல் தெரிந்தது. அதை இரைச்சல் என்று ஒதுக்காமல் தொடர்ந்து பார்த்ததால், 1.33 வினாடிக்கு ஒரு முறை துடிக்கும் விண்மீன், அதாவது முதல் பல்சர், அகப்பட்டது. (அதற்கான நோபல் பரிசு 1974இல் அவருடைய நெறியாளருக்குத்தான் போனது என்பதையும், ஆய்வுக்கு வர நினைக்கும் மாணவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.)

கணிதத்தில் இந்தப் பழக்கத்தின் வடிவம் வேறு. ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டினால் பகா எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 0 முதல் 39 வரை நாற்பது முறையும் பகா எண்ணே வரும். இயற்பியல் மாணவர் நாற்பது ரீடிங் எடுத்து நாற்பதும் பொருந்தினால் மனநிறைவோடு வரைபடம் வரையப் போய்விடுவார். 40ஐப் போட்டால் 1681 வருகிறது. அது 41இன் வர்க்கம். இரண்டு துறைகளிலும் கால் வைக்க விரும்பும் மாணவர், எதை எப்போது நம்பலாம் என்பதற்கு இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள் இருப்பதைக் கல்லூரி நாட்களிலேயே கையால் தொட்டு உணர வேண்டும். பாடத்திட்டம் இதைத் தனியாகக் கற்றுத்தருவதில்லை. ஒரு தேற்றத்தைப் படிக்கும்போது அதன் நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு எங்கே உடைகிறது என்று பார்ப்பதும், ஒரு சமன்பாட்டைப் படிக்கும்போது அலகுகளைச் சரிபார்த்து எண்களைப் போட்டுப் பார்ப்பதும் அதற்கான எளிய வழிகள். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை ஆகலாம். ஆகட்டும்.

அடுத்து, அந்த மாணவருக்கு ஓர் ஆள் வேண்டும். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு எழுதிய அணு இயற்பியல் நூலைத் தாமாகவே கரைத்துக் குடித்திருந்தார். 1928இல் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது அவரை நேரில் போய்ப் பார்த்தார். அந்தப் பெரியவர் சொன்ன செய்தி இதுதான்: நீ படித்தது பழையதாகிவிட்டது; ஸ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். அதோடு நிறுத்தாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி, அப்போது அச்சில் இருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்த புதிய புள்ளியியல் முறையை காம்ப்டன் சிதறலுக்கு (எக்ஸ் கதிர்கள் எலெக்ட்ரான்களில் மோதிச் சிதறுவதற்கு) பொருத்திச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை, ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1929இல் வெளிவந்தது; அப்போதும் அவர் இளநிலை மாணவர்தான். 1930இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில், வெண்குறு விண்மீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள்) சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் நிலைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு அவரை இட்டுச்சென்ற கணக்கும் அதே புள்ளியியல் முறையின் மேல் எழுந்ததே. 1983இல் கிடைத்த நோபல் பரிசு வரை அந்த இழை நீள்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்கள் சந்திரசேகரின் அறிவைக் கண்டு மலைத்துவிடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்த மெய்ப்புத் தாள்களை. அறியப்பட்டதன் எல்லை எங்கே இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அந்த எல்லைக்குப் போவதற்கான தாளையும் கையில் கொடுத்தார். இன்று தாளுக்குப் பஞ்சமில்லை. பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் அன்றாடம் புதிய கட்டுரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. சோமர்ஃபெல்டு வந்து கொடுக்க வேண்டியிருந்ததை இப்போது கைப்பேசியிலேயே திறந்துகொள்ளலாம். ஆனால் திறக்கும் மாணவர் முதல் பத்தியிலேயே நான்கு புரியாத சொற்களைச் சந்தித்து, இது நமக்கானதல்ல என்று மூடிவிடுகிறார். ஆய்வாளர்களும் பெரும்பாலான கட்டுரைகளை முழுதாகப் படிப்பதில்லை, முன்னுரையையும் ஒரு படத்தையும் பார்த்துவிட்டுத் தேவையான ஒரு சமன்பாட்டை மட்டும் தாமாக வருவித்துப் பார்ப்பார்கள் என்ற சின்ன உண்மையை அவருக்குச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு கட்டுரையில் உள்ள ஒரே ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதே வளைகோடு வரும்வரை கணினியில் நிரல் எழுதிப் பார்ப்பது இரண்டாம் ஆண்டு மாணவருக்கு எட்டாத வேலை அல்ல. அது வராமல் போகும்போது, ஏன் வரவில்லை என்பதில்தான் அவருடைய முதல் கேள்வி பிறக்கும்.

அந்த ஆளாக இருக்க வேண்டியவர் கல்லூரி ஆசிரியர். அவருக்கு நேரம் இல்லை என்பதை நான் அறிவேன். வருகைப் பதிவேடும் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் படிவங்களும் எங்கள் நாளைத் தின்றுவிடும். ஆனாலும் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இறுதியாண்டு புராஜெக்ட் என்பது பல இடங்களில் முந்தைய ஆண்டின் அறிக்கைக்கு அட்டையை மாற்றும் வேலையாகிவிட்டது. அதைவிட மோசமானது, காசு கட்டினால் சில நாட்களில் கட்டுரையை வெளியிட்டுச் சான்றிதழும் தரும் இதழ்கள். ஒரு நேர்காணல் குழுவில் நான் இருந்தபோது, தன் பெயரில் நான்கு கட்டுரைகள் வெளியாகியிருப்பதாக ஓர் இளைஞர் கோப்பை நீட்டினார். முதல் கட்டுரையின் முதல் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். அவர் நெடுநேரம் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. கட்டுரை இருந்தால்தான் மதிப்பு என்று அவருக்குச் சொன்னவர்கள் பெரியவர்கள். அதற்குப் பணம் கட்டியவர்கள் அவருடைய பெற்றோர்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2022இல் பெற்ற ஜூன் ஹு, கவிஞராக விரும்பியவர். சியோலில் இயற்பியலும் வானியலும் படித்து, இளநிலைப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது ஒரே ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைத் தவிர மற்றவை அவரை ஏற்கவில்லை. மதிப்பெண் முக்கியமில்லை என்பதற்கு மேடைகளில் இந்தக் கதை நன்றாக விலைபோகிறது. ஆனால் அவர் கடைசி ஆண்டில் ஜப்பானியக் கணித அறிஞர் ஹிரோனாகாவின் வகுப்பில் போய் அமர்ந்ததையும், நூறுக்கு மேற்பட்டோர் தொடங்கிய அந்த வகுப்பிலிருந்து மற்றவர்கள் கழன்றுகொண்ட பிறகும் இவர் விடாமல் இருந்ததையும், அந்த முதியவரோடு தொடர்ந்து பழகி உரையாடியதையும் மேடையில் யாரும் சொல்வதில்லை. இங்கும் ஓர் ஆள் இருக்கிறார். மதிப்பெண் கதவைத் திறந்து வைத்திருக்க உதவும், அது வேண்டும். உள்ளே அழைப்பது பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம். "வகுப்பில் முதல் மாணவர், நல்லொழுக்கம் உடையவர்" என்று எழுதப்பட்ட கடிதங்களை நான் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அவை எதற்கும் பயன்படுவதில்லை. "இன்ன கணக்கில் மூன்று வாரம் சிக்கிக்கொண்டார், தன் முதல் வழி தவறு என்று தாமே கண்டுகொண்டு வந்து சொன்னார்" என்ற ஒரு வரி போதும், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அப்படி ஒரு வரியை எழுத, மாணவர் சிக்கிக்கொண்டு தவித்ததை ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

வேலை வாய்ப்பைப் பற்றிப் பெற்றோருக்கு உள்ள அச்சம் நியாயமானது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் எல்லோருக்கும் நிலையான பேராசிரியர் பணி கிடைத்துவிடுவதில்லை, எந்த நாட்டிலும். நிரல் எழுதவும் புள்ளிவிவரங்களைக் கையாளவும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் இடமில்லை.

இனி என் வேண்டுகோள். கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு முறை, கால் பத்தி அளவுக்கு, ஒரு கணக்கு வெளியிடுங்கள். மூளைக்கு வேலை என்று வரும் விடுகதைகளைச் சொல்லவில்லை. ஒரு கல்லூரி மாணவர் ஒரு மாதம் உட்கார்ந்து யோசிக்கத் தக்க, கணிதமும் இயற்பியலும் கலந்த கேள்விகளைச் சொல்கிறேன். விடையை மறுநாள் அச்சிட வேண்டாம். வாசகர் கடிதங்களுக்கு நான்கு வாரம் காத்திருங்கள். சரியான விடைகளோடு, நல்ல வழியில் போய்த் தவறிய முயற்சி ஒன்றையும் எங்கே தவறியது என்ற குறிப்போடு வெளியிடுங்கள். இது புதிய யோசனை அல்ல. ஹங்கேரியில் 1894இல் தொடங்கிய மாணவர் கணித இதழ் ஒன்று, நன்றாக விடை எழுதியவர்களின் புகைப்படங்களை வெளியிட்டு வந்தது. அதற்கு விடை அனுப்பி வளர்ந்தவர்களுள் கணித மேதை எர்டிஷும் ஒருவர். ரஷ்யாவில் 1970இல் இயற்பியலாளர் கிகோயினும் கணித மேதை கோல்மோகரவும் சேர்ந்து தொடங்கிய குவான்ட் இதழ், இரண்டு துறைகளின் கேள்விகளையும் ஒரே இதழில் மாணவர்கள் முன் வைத்தது. இராமானுஜன், வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் ஒரு கோவையின் மதிப்பைக் கேட்டு, இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 1911இல் ஒரு கேள்வி வெளியிட்டார். ஆறு மாதம் ஆகியும் ஒருவரும் விடை அனுப்பாததால் தாமே விடையைத் தந்தார். அது 3.

கேள்விகளைத் தயாரிக்கவும், வரும் கடிதங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கவும் ஊதியம் எதுவுமின்றி உதவ நான் அணியமாக இருக்கிறேன். என் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இன்னும் சிலரும் முன்வருவார்கள். முதல் வாரத்துக்கு உரிய கணக்கை இங்கேயே எழுதிவிடுகிறேன். மேலே சொன்ன ஊசலில் நூலுக்குப் பதிலாக, வளையாத, எடையற்ற ஒரு தண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 90 பாகைக்கு மேல் தூக்கினால் நூல் தொய்ந்துவிடும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சிறிய கோணத்தில் ஆடும்போது உள்ள அலைவுநேரம் சரியாக இரண்டு மடங்காக வேண்டுமானால், குண்டை எத்தனை பாகை வரை தூக்கி விட வேண்டும்? காகிதம், பென்சில், வர்க்கமூலம் காணும் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கல்லூரி இயற்பியல் ஆசிரியர்